பயணத்தில் தேநீர் போட ஒரு கெட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பையில் ஒரு சிறு கெட்டிலுடன் பல ஆண்டுகளாகப் பயணம் செய்துவருகிறேன். விடிகாலையில், விடுதி அறையின் சன்னல் ஓரத்தில், நமக்குப் பிடித்த தேயிலையை நாமே ஊற வைத்துக் குடிப்பதில் இருக்கும் நிம்மதி எனக்கு மிக முக்கியம். கெட்டில் வாங்கப்போகும் நண்பர்கள் என்னிடம் கேட்டவற்றையும் அவர்களுக்கு நான் சொன்னவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பலர் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துவிட்டு மின்சாரத்தைக் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மின்சாரத்தைத்தான்.

கெட்டில் உண்மையிலேயே தேவையா? ஃபிளாஸ்க் போதாதா?

இரண்டு நாள் பயணம், வழியெங்கும் வெந்நீர் கிடைக்கும் என்றால் நல்ல ஃபிளாஸ்க் போதும். வெற்றிடச் சுவர் உள்ள எவர்சில்வர் ஃபிளாஸ்கில் காலையில் கொதிநீர் நிரப்பினால், நாலைந்து மணி நேரம் கழித்தும் தேநீர் போடும் சூடு இருக்கும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். நீண்ட பயணம் போகிறவர்கள், நள்ளிரவில் சென்று இறங்குகிறவர்கள், குழந்தைகளுடன் செல்கிறவர்கள், விடுதிக் கெட்டிலைத் தொடத் தயங்குகிறவர்கள் ஆகியோருக்குத்தான் சொந்தக் கெட்டில் தேவைப்படுகிறது. நான் இரண்டையும் எடுத்துச் செல்கிறேன். கெட்டிலில் ஒரே முறை கொதிக்க வைத்து, ஒரு கோப்பைக்கு உடனே ஊற்றிக்கொண்டு, மீதியை ஃபிளாஸ்கில் நிரப்பிவிடுவேன்.

எத்தனை வாட் கெட்டில் வாங்க வேண்டும்?

இதை விளம்பரத்தை வைத்து முடிவு செய்யாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் நீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4.2 ஜூல் ஆற்றல் வேண்டும். அரை லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 157,000 ஜூல். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். ஆகவே 1,000 வாட் கெட்டிலில் அரை லிட்டர் கொதிக்க மூன்று நிமிடத்துக்குச் சற்று முன்பின் ஆகும். 600 வாட்டில் ஐந்து நிமிடம், 300 வாட்டில் பத்து நிமிடம். வெளியே வீணாகும் சூட்டையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

என் பரிந்துரை 600 முதல் 1,000 வாட் வரை. அதற்கு மேலே போனால் பழைய கட்டடங்களின் வயரிங் தாங்காமல் ஃபியூஸ் போகும் ஆபத்து கூடுகிறது. 300 வாட்டுக்குக் கீழே போனால் கொதி வருவதற்குள் பொறுமை போய்விடும். "இரண்டே நிமிடத்தில் கொதிக்கும்" என்று பெட்டியில் எழுதியிருந்தால் வாட் அளவைப் பார்த்து நீங்களே கணக்குப் போடுங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் அந்தப் பெட்டியில் எழுதியுள்ள மற்றவற்றையும் நம்ப வேண்டாம்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் வோல்டேஜ் பிரச்சினை வருமா?

வரும். கெட்டில் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120. ஐரோப்பா முழுவதிலும், ஆசியாவின் பெரும்பகுதியிலும், ஆஸ்திரேலியாவிலும் 220 முதல் 240 வரை. பிரேசிலில் ஊருக்கு ஊர் மாறும்: சில இடங்களில் 127, சில இடங்களில் 220. செல்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் 100 முதல் 240 வரை எதையும் ஏற்றுக்கொள்வதால் மின்சாரம் எங்கும் ஒன்றுதான் என்ற எண்ணம் நமக்குப் பழகிவிட்டது. கெட்டில் அப்படியல்ல. அதற்குள் இருப்பது வெறும் சூடேறும் கம்பி. வோல்டேஜ் பாதியானால் அதன் ஆற்றல் பாதியாகக் குறைவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. இரட்டிப்பானால் நான்கு மடங்காகிறது.

230 வோல்ட்டுக்கான 600 வாட் கெட்டிலை ஜப்பானில் செருகினால் ஏறத்தாழ 113 வாட்தான் தரும். ஒருமுறை இதைச் சரிபார்க்காமல் எடுத்துச் சென்று, அரை லிட்டர் நீருக்காக அரை மணி நேரம் காத்திருந்தேன். ஆவி மெல்ல எழுந்ததே தவிரக் கொதி வரவில்லை. தேநீர் நன்றாக அமையவில்லை என்பதோடு அந்தத் தவறு முடிந்துபோனது. ஆனால் 120 வோல்ட்டுக்கான 600 வாட் கெட்டிலை 230 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் அது 2,200 வாட்டை இழுக்கப் பார்க்கும். கம்பி எரியும், பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். இரண்டாவது தவறைச் செய்யவே கூடாது.

ஒரே நாட்டுக்குள், அல்லது ஒரே வோல்டேஜ் உள்ள நாடுகளுக்குள் மட்டும் பயணம் செய்கிறீர்கள் என்றால் சாதாரணக் கெட்டில் போதும். இரண்டு வகை நாடுகளுக்கும் போகிறவர்கள் இரட்டை வோல்டேஜ் கெட்டிலைத் தேட வேண்டும். அதன் அடிப்பகுதியில் 110 / 220 என்று ஒரு சிறு திருகு சுவிட்ச் இருக்கும், நாணயத்தால் திருப்பலாம். ஒவ்வோர் ஊரிலும் செருகும் முன் அதைப் பாருங்கள். மறந்து 110இல் விட்டு 220இல் செருகுவதும் மேலே சொன்ன அதே ஆபத்துதான். வாங்கும்போதே ஒவ்வொரு வோல்டேஜிலும் எத்தனை வாட் தருகிறது என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பில் இரண்டு எண்களும் அடியில் அச்சிடப்பட்டிருக்கும்.

என்னிடம் எல்லா நாட்டுக்குமான அடாப்டர் இருக்கிறதே, அது போதாதா?

அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்டேஜை மாற்றாது. வோல்டேஜை மாற்றும் கருவி வேறு. கெட்டில் அளவு ஆற்றலுக்கான டிரான்ஸ்ஃபார்மர் கெட்டிலைவிடப் பல மடங்கு கனம் என்பதால் அதைச் சுமப்பதில் பொருளில்லை.

அடாப்டரின் மேலேயே எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருக்கும். பயண அடாப்டர்களில் 6 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று பல அளவுகள் உண்டு. 1,000 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர் இழுக்கும். 110 வோல்ட்டில் அதே ஆற்றலுக்கு 9 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 6 ஆம்பியர் அடாப்டர் அங்கே சூடாகி உருகிவிடும். மூன்று பின் கெட்டிலின் எர்த் பின்னைத் துண்டித்துவிடும் அடாப்டரையும் வாங்காதீர்கள். உலோக உடல் கொண்ட, நீர் நிரம்பிய கருவிக்கு எர்த் உயிர்காக்கும் இணைப்பு.

குளியலறையில் சவரக் கருவிக்கென இருக்கும் சாக்கெட்டில் கெட்டிலைச் செருகலாமா?

கூடாது. அது சில பத்து வாட்டுகளுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது.

கொள்ளளவு எவ்வளவு இருக்க வேண்டும்?

தனியாகச் செல்பவருக்கு 400 முதல் 500 மில்லி, இருவருக்கு 600 முதல் 800 மில்லி. ஒரு லிட்டருக்கு மேல் பயணத்துக்குத் தேவையில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் அளவை மட்டும் நம்பாமல் உள்ளே உள்ள கோட்டைப் பாருங்கள். "அதிகபட்சம்" என்ற கோட்டுக்கு மேல் ஊற்றினால் கொதிக்கும்போது கெட்டிலின் மூக்கு வழியாகத் தெறிக்கும். "குறைந்தபட்சம்" கோடு அதைவிட முக்கியம் என்பேன். சில கெட்டில்களில் அது 300 மில்லியில் இருக்கும். ஒரு கோப்பைக்கு 180 மில்லி போதும் என்பவர் ஒவ்வொரு முறையும் மீதியைக் கொட்ட வேண்டியிருக்கும்.

மடக்கும் சிலிக்கோன், எவர்சில்வர், பாட்டில் வடிவம்: எது நல்லது?

எனக்கு எவர்சில்வர். உள்பக்கம் முழுவதும், மூடியின் அடிப்பக்கம் உட்பட, எஃகாக இருந்தால் நீரில் வாடை ஏறாது. நல்ல தேயிலையின் மணத்தை அனுபவிக்க விரும்புகிறவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. 304 என்ற எண் குறித்த எஃகு சமையல் பாத்திரங்களுக்கு வழக்கமாகப் பயன்படுவது. உள்ளே இருக்கும் காலியிடமும் வீணாவதில்லை. தேயிலை டப்பாவையும் வடிகட்டியையும் நான் அங்கேதான் வைக்கிறேன்.

பையில் இடமே இல்லாதவர்களுக்குச் சிலிக்கோன் கெட்டில் பெரிய உதவி. மடக்கினால் பாதிக்கும் குறைவான உயரம்தான். ஆனால் புதிதில் ஒரு வாடை வரும். மூன்று நான்கு முறை நீர் கொதிக்க வைத்துக் கொட்டியும் அது போகவில்லை என்றால் சிலிக்கோனின் தரத்தில் குறை இருக்கலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது மடக்கக் கூடாது. ஈரத்தோடு மடக்கினால் மடிப்புகளில் பூஞ்சணம் பிடிக்கும். கொதிநீர் இருக்கும்போது பக்கவாட்டில் அழுத்தினால் சுவர் உள்ளே மடங்கி நீர் கையில் கொட்டும் என்பதால் கைப்பிடியை மட்டுமே பிடியுங்கள். சிறு குழந்தைகள் இருக்கும் அறைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாட்டில் வடிவக் கெட்டில்கள் இப்போது நிறைய வருகின்றன. 350, 400 மில்லி, 300 வாட் அளவில் இருக்கும். கொதிக்க வைத்து அப்படியே ஃபிளாஸ்க் போலக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம் என்பது கவர்ச்சியான வசதி. மூடியில் ஆவி வெளியேற வழி இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். கொதித்த உடனே இறுக மூடிய பாட்டிலைத் திறந்தால் ஆவியோடு நீரும் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

கண்ணாடிக் கெட்டில் பார்க்க அழகு. பயணத்துக்கு வேண்டாம்.

தானாக அணையும் வசதி அவசியமா?

அவசியம். பயணக் களைப்பில் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவது எளிது.

இரண்டு பாதுகாப்புகள் வேண்டும். ஒன்று, கொதித்ததும் அணைவது. மற்றொன்று, நீரே இல்லாமல் சுவிட்சைப் போட்டால் அணைவது. பெரும்பாலான கெட்டில்களில் முதல் வேலையைச் செய்வது ஒரு சிறு உலோகத் தகடு. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த இந்தத் தகடு ஆவி பட்டதும் வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். இந்த ஈருலோகத் தகட்டை 18ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவர் ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர். கடற்பயணத்தில் சூடும் குளிரும் மாறினாலும் நேரம் பிசகாத கடிகாரம் செய்வதற்காக அவர் அதில் இறங்கினார். 1955இல் வந்த ரஸ்ஸல் ஹாப்ஸ் கே1, கொதித்ததும் தானாக அணையும் மின்கெட்டில்களின் முன்னோடி. அதிலும் இந்தத் தகடுதான் வேலை செய்தது. பயணிகளுக்காகப் பிறந்த ஒரு கண்டுபிடிப்பு இன்று பயணியின் கெட்டிலுக்குள் இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஆவி அந்தத் தகட்டைச் சென்றடைய வேண்டும் என்பதால், மூடி திறந்திருந்தால் கெட்டில் அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். மூடியை மூடியே பயன்படுத்துங்கள்.

கெட்டிலிலேயே பால் காய்ச்சலாமா? தேயிலையைப் போட்டுக் கொதிக்க விடலாமா?

சாதாரணக் கெட்டிலில் இரண்டும் வேண்டாம். பால் அடியில் உள்ள சூட்டுத் தகட்டில் ஒட்டிக் கருகும். பொங்கி மூக்கு வழியாகவும் சுவிட்சுக்குள்ளும் போகும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கருகல் வாடை அடுத்த கோப்பைகளில் வரும். தேயிலை மூக்கில் உள்ள வலையை அடைத்துவிடும்.

பாலோடு சேர்த்துக் காய்ச்சிய தேநீர்தான் வேண்டும் என்பவர்கள் கெட்டில் தேடக் கூடாது. அகன்ற வாயும் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சும் உள்ள சிறிய மின்பாத்திரத்தைத் தேட வேண்டும். கை உள்ளே போய்த் தேய்த்துக் கழுவ முடிய வேண்டும். அது தானாக அணையாது, பொங்கும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். கெட்டிலோடுதான் போகப் போகிறீர்கள் என்றால், தேயிலையைக் கோப்பையில் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகப் போட்டு, குறைந்த கொதிநீரில் மூடி வைத்து ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். திடமான டிகாக்‌ஷன் இறங்கும். அதில் பால் பவுடரைக் கலந்தால் சுவை நன்றாகவே இருக்கும்.

சூட்டைத் தேர்ந்தெடுக்கும் கெட்டிலுக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாமா?

கறுப்புத் தேநீர் மட்டும் குடிப்பவருக்குத் தேவையில்லை. அதற்கு நன்றாகக் கொதித்த நீர்தான் வேண்டும். பச்சைத் தேயிலைக்கு 70 முதல் 80 டிகிரி போதும். கொதிநீரை ஊற்றினால் கசந்துவிடும். தினமும் பச்சைத் தேநீர் குடிக்கிறவர் இந்த வசதிக்குச் செலவழிக்கலாம். எப்போதாவது குடிக்கிறவர், கொதித்த நீரை ஒரு காலிக் கோப்பையில் ஊற்றி, அதிலிருந்து இன்னொரு கோப்பைக்கு மாற்றினால் போதும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏறத்தாழ பத்து டிகிரி குறையும்.

இதனால்தான் கறுப்புத் தேநீருக்குக் கோப்பையை முதலில் கொதிநீரால் அலசிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறேன். குளிர்ந்த தடித்த கோப்பை தேயிலைக்குச் சேர வேண்டிய சூட்டைத் தானே எடுத்துக்கொள்ளும்.

மலைப் பகுதிகளில் தேநீர் ஏன் சுவையாக அமைவதில்லை?

கெட்டில் மேல் தவறில்லை. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறும்போதெல்லாம் நீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைகிறது. 3,000 மீட்டர் உயரத்தில் நீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதிக்க விட்டாலும் அதற்கு மேல் சூடாகாது. தேயிலையைச் சற்றுக் கூட்டி, மூடி வைத்து, இரண்டு நிமிடம் அதிகமாக ஊற விடுவதுதான் வழி.

இன்னொரு எச்சரிக்கை. 100 டிகிரி வந்தால்தான் அணைவேன் என்று மின்னணு முறையில் அமைக்கப்பட்ட கெட்டில் மலையில் அந்த அளவை எட்டவே எட்டாது, விடாமல் கொதித்துக்கொண்டிருக்கும். அங்கே அதை 85 டிகிரிக்கு வைத்துப் பயன்படுத்துங்கள், அல்லது கொதித்ததும் கையால் அணையுங்கள்.

காரில் பயன்படுத்தும் 12 வோல்ட் கெட்டில் எப்படி?

மெதுவானது. காரின் லைட்டர் சாக்கெட் வழக்கமாக 120 முதல் 180 வாட்தான் தரும். ஒரு கோப்பை நீருக்கே ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும்; அரை லிட்டருக்கு அரை மணி. நிறுத்திய காரில், சமமான இடத்தில், இன்ஜின் ஓடும்போது மட்டும் பயன்படுத்துங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது கொதிநீர் வைத்திருப்பதை நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. நீண்ட சாலைப் பயணத்துக்கு ஃபிளாஸ்க்தான் என் பதில்.

யுஎஸ்பியில், பவர் பேங்கில் ஓடும் கெட்டில் வேலை செய்யுமா?

சாதாரண யுஎஸ்பி துளை 10 வாட் தரும். ஒரு கோப்பை நீரைக் கொதிக்க வைக்க அதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டும். அதற்குள் வெளியேறும் சூடு உள்ளே வரும் சூட்டைச் சமன் செய்துவிடும், கொதிக்கவே கொதிக்காது. வெதுவெதுப்பாக வைத்திருக்கும் கருவியைக் கெட்டில் என்று விற்கிறார்கள்.

சொந்தப் பேட்டரி உள்ளவை உண்மையில் கொதிக்க வைக்கும். ஆனால் 300 மில்லிக்கு ஏறத்தாழ 30 வாட்-மணி செலவாகும் (ஒரு வாட்டில் ஒரு மணி நேரம் ஓடச் செலவாகும் ஆற்றல்தான் ஒரு வாட்-மணி). 20,000 எம்ஏஎச் பேட்டரியில் இருப்பது ஏறத்தாழ 74 வாட்-மணி. ஒரு சார்ஜுக்கு இரண்டு முறை கொதிக்க வைக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் கொண்டு செல்லலாமா?

பேட்டரி இல்லாத காலிக் கெட்டிலைக் கைப்பையிலோ பெட்டியிலோ வைக்கப் பொதுவாகத் தடையில்லை. உள்ளே நீர் இருக்கக் கூடாது. லித்தியம் பேட்டரி உள்ளவை என்றால், விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு 100 வாட்-மணி வரை விமானங்களில் பொதுவாக அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன் அனுமதி பெற வேண்டும். பவர் பேங்கையும் உதிரிப் பேட்டரிகளையும் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்ல வேண்டும். முகாம் அடுப்புக்கான கேஸ் குப்பிகளை எந்தப் பையிலும் வைக்க முடியாது. சென்று இறங்கிய இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விடுதி, ரயில், கப்பல் இவற்றில் பயன்படுத்தலாமா?

கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். பல சுற்றுலாக் கப்பல்கள் சூடேற்றும் கருவிகளை ஏறும்போதே வாங்கி வைத்துவிடும். பலர் தங்கும் விடுதிகளிலும் தடை இருப்பதுண்டு. ரயில் பெட்டிகளில் உள்ள சாக்கெட்டுகள் செல்பேசிக்கும் மடிக்கணினிக்கும் உரியவை. அங்கே கெட்டிலைச் செருகினால் பெட்டியில் உள்ள அனைவருக்கும் மின்சாரம் போகலாம், வயர் சூடேறித் தீயும் பிடிக்கலாம். அறையில் பயன்படுத்தும்போது புகை உணர் கருவிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். ஆவியாலும் அது அலறக்கூடும்.

கெட்டிலில் கொதித்தால் எந்தக் குழாய் நீரையும் குடிக்கலாமா?

கிருமிகளைப் பொறுத்தவரை, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். தானாக அணையும் கெட்டில் அதற்கு முன்பே அணைந்துவிடக்கூடும் என்பதால், சந்தேகமான நீர் என்றால் அணைந்ததும் மறுபடி சுவிட்சைப் போடுங்கள். ஈயம், நைட்ரேட், உப்பு போன்றவற்றைக் கொதிக்க வைப்பது நீக்காது. அப்படிப்பட்ட இடங்களில் பாட்டில் நீர்தான். குழாயில் வரும் வெந்நீரைப் பிடித்து நேரத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். தொட்டியிலும் குழாய்களிலும் தேங்கி நின்ற நீர் அது.

உள்ளே வெள்ளையாகப் படிகிறதே?

கடின நீரில் உள்ள சுண்ணாம்பு அது. ஆபத்தில்லை, ஆனால் தேநீரின் மேல் ஆடை போல மிதக்கும், கொதிக்கும் நேரமும் கூடும். அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து கொதிக்க வைத்து, இருபது நிமிடம் விட்டு, இருமுறை அலசினால் போய்விடும். வினிகரும் வேலை செய்யும், வாடைதான் நீடிக்கும். கம்பி நாரால் தேய்க்க வேண்டாம்.

கோப்பையில் நேரடியாக அமிழ்த்தும் சூடேற்றும் கம்பிச்சுருள் மலிவாகக் கிடைக்கிறதே?

வாங்காதீர்கள். தானாக அணையாது. நீருக்கு வெளியே எடுத்த சில நொடிகளில் கம்பி எரியும். மேசையில் வைத்தால் மேசை தீயும். கெட்டிலுக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்துக்காக ஓர் அறையைத் தீக்கு இரையாக்க வேண்டாம்.

வாங்கி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

புறப்படும் நாளன்று பிரிக்காமல் ஒரு வாரம் முன்பே பிரியுங்கள். அதிகபட்சக் கோடு வரை நீர் ஊற்றி இரண்டு முறை கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். மூன்றாம் முறை, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். தானாக அணைகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஆறியதும் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள்: மூக்கிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கெட்டிலின் உடலில் வழிந்தால் தினமும் மேசையைத் துடைக்க வேண்டியிருக்கும். கடைசியாக, இன்னொரு முறை கொதித்து அணைந்ததும் சாக்கெட்டின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு இருந்தால் வேறு நல்ல சாக்கெட்டில் ஒருமுறை முயலுங்கள். அங்கேயும் அப்படியே இருந்தால் ரசீதோடு அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.